டவுட் டூட்டி: வேலூர்ப் பக்கத்துக் கணிதத் துறை ஒன்றில் ஒரு செமினார் பிழைத்த விதம்

எங்கள் துறையில் செமினார் இரண்டு வகை. ஒன்று ஆய்வு செமினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிஎச்டி செய்பவர் ஒருவர் தன் வேலையைப் பற்றி ஸ்லைடு போட்டுப் பேசுவார், எப்போதாவது வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வருவார். இன்னொன்று கற்றல் செமினார். எங்களில் யாருக்குமே முழுசாகத் தெரியாத ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, வாராவாரம் முறை வைத்து ஒருவர் படித்து வந்து, சாக்பீஸால் போர்டில் எழுதி மற்றவர்களுக்குச் சொல்வது. இந்த இரண்டாவது செமினார் தொடங்கிய முதல் செமஸ்டரிலேயே கிட்டத்தட்ட நின்றுபோய், அப்புறம் எழுந்து, போகிற போக்கில் ஆய்வு செமினாரையும் மாற்றிவிட்டது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். காட்பாடியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து வரும் தூரத்தில் ஒரு துறை, அங்கே நான் பாடம் எடுக்கிறேன், அது போதும்.

முதலில் யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செமினார் ஏன் ஊமையானது என்பதன் பாதிக் காரணம் அதில் இருக்கிறது. ஆரணி, குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா, போளூர், செய்யாறு. வட ஆர்க்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது, வேலூர் 2019இல் மூன்றானது, எங்கள் வகுப்பறை மட்டும் இன்னும் பழைய வட ஆர்க்காடாகவே இருக்கிறது. பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரி, பலர் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அதற்கப்புறம் இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. தேற்றத்தை மனப்பாடம் செய்து பத்து மார்க்குக்கு எழுதுவதில் இவர்களை மிஞ்ச முடியாது. ஆனால் எதிரே இருப்பவர் சொன்னது புரியவில்லை என்று வாய் திறந்து சொல்ல இதுவரை யாரும் இவர்களைக் கேட்டதே இல்லை. வகுப்பில் கேள்வி கேட்பவன் ஒன்று திமிர் பிடித்தவன், இல்லை வாத்தியாரைச் சோதிப்பவன். அப்படித்தான் பள்ளியிலிருந்து வந்திருக்கிறார்கள்.

ஆய்வு செமினார் எப்படி நடந்தது? கிராஃப் லேபிளிங் (புள்ளியும் கோடும் சேர்ந்த படத்துக்கு எண் இடுவது), டாமினேஷன் (அந்தப் படத்தில் மற்ற எல்லாப் புள்ளிக்கும் பக்கத்தில் இருக்கும்படி எத்தனை புள்ளி எடுத்தால் போதும் என்ற கணக்கு), ஃபஸ்ஸி டோபாலஜி என்று ஆளுக்கு ஒரு தலைப்பு. ஸ்லைடில் வரையறை, இன்னொரு வரையறை, துணைத் தேற்றம், தேற்றம், பார்வை நூல்கள், நன்றி. கடைசியில் தலைமை வகிப்பவர் ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்பார், அமைதி, யாராவது ஒரு ஆசிரியர் இதனால் பயன் என்ன என்று கேட்பார், பேச்சாளர் நெட்வொர்க்கில் பயன்படும் என்று சொல்வார், டீயும் வடையும் வந்துவிடும். கிராஃப் லேபிளிங் செய்பவருக்கு ஃபஸ்ஸி டோபாலஜி புரியாது, அவருக்கு இவருடையது புரியாது, ஒரே அறையில் ஐந்து வருடம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

இதற்கு அந்த மாணவர்களைக் குறை சொல்வது அநியாயம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிப்படி, தீசிஸ் கொடுப்பதற்கு முன் ஆய்வேட்டில் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்கில் பேசியிருக்க வேண்டும். கருத்தரங்கு என்றாலே சான்றிதழ் வாங்கும் இடம் என்று ஆனது இப்படித்தான். 2022 நவம்பரில் வந்த புது விதி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது, பழக்கம் போகவில்லை. அதே விதி எம்ஃபில்லையும் மூடியது. எம்ஃபில் மேல் எனக்குப் பெரிய மயக்கம் எதுவும் கிடையாது. ஆனாலும் ஒரு புத்தகத்தைத் தனியாக உட்கார்ந்து படித்து இன்னொருவருக்குச் சொல்லிப் பழகும் ஒரு வருடம் அதில் இருந்தது. இப்போது எம்.எஸ்சி முடித்தவர் நேராகத் தன் தலைப்புக்குள் இறங்கிவிடுகிறார், பேப்பர் படிக்கத் தெரிவதற்குள் பேப்பர் எழுதச் சொல்கிறோம்.

அந்த ஒரு வருடத்தை எப்படியாவது திரும்பக் கொண்டுவரத்தான் கற்றல் செமினார். என்ன படிப்பது என்பதில் நிறையப் பேசினோம். எவருடைய தீசிஸ் தலைப்பாகவும் இருக்கக் கூடாது, இருந்தால் அவர் ஒருவர்தான் ஆசிரியர், மற்றவர்கள் பார்வையாளர். எம்.எஸ்சி குரூப் தியரியும் லீனியர் ஆல்ஜீப்ராவும் இருந்தால் உள்ளே நுழைய முடிய வேண்டும். போய்ச் சேர ஒரு நல்ல இடம் இருக்க வேண்டும். கடைசியில் முடிவுறு குரூப்களின் ரெப்ரசென்டேஷன் தியரி என்று தீர்மானித்தோம். குரூப் என்றால் தமக்குள் பெருக்கவும், பெருக்கியதைத் திருப்பவும் முடிகிற உறுப்புகளின் கூட்டம். ஒரு குரூப்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு அணியைக் கொடுத்து, குரூப்பில் பெருக்கினால் அணிகளும் அதேபோல் பெருகும்படி செய்து, அந்த அணிகள் வழியாகக் குரூப்பைப் பற்றித் தெரிந்துகொள்வது. போய்ச் சேரும் இடம் பர்ன்சைடின் 1904ஆம் ஆண்டுத் தேற்றம்: ஒரு குரூப்பின் அளவை இரண்டு பகா எண்கள் மட்டுமே வகுக்கும் என்றால் அது தீர்வுறு குரூப், அதாவது சாலிவபிள், படிப்படியாக எளிய பரிமாற்றுக் குரூப்களாகப் பிரிக்க முடிவது. குரூப் பற்றிய ஒரு செய்திக்கு அணிகளின் மூலைவிட்டக் கூட்டல் வழியாக நிரூபணம். அணிகள் இல்லாமல் நேரடியாக நிரூபிக்க 1970கள் வரை ஆனது என்றால் அந்த வழியின் பலம் தெரியும்.

முதல் சில வாரங்கள் ஆளும் வந்தார்கள், ஆர்வமும் இருந்தது. ஆனால் நடந்தது என்ன? பேச வேண்டியவர் புத்தகத்தின் பக்கத்தை அப்படியே நோட்டில் எழுதி வருவார், நோட்டில் இருந்ததைப் போர்டில் எழுதுவார், கேட்பவர்கள் போர்டில் இருந்ததைத் தங்கள் நோட்டில் எழுதுவார்கள். நடுவில் எந்தத் தலைக்குள்ளும் அது நுழையவில்லை. ஆசிரியர்கள் நாங்கள் முன் வரிசையில் உட்கார்ந்து நடுநடுவே திருத்துவோம், பேச்சாளருக்கு வியர்க்கும், அடுத்த வாரம் பேச வேண்டியவர் இன்னும் கவனமாக வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்து வருவார். கூட்டம் குறைந்தது. மாலை நாலு மணிக்கு வைத்ததும் தப்பு: ஆரணிக்கும் குடியாத்தத்துக்கும் போகிற பெண்கள் நாலே முக்காலுக்கே வாட்சைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், அதிலும் வீட்டில் ஏற்கெனவே எதற்கு இன்னும் படிப்பு என்று கேட்கிற இடமாக இருந்தால் ஒரு பஸ்ஸைத் தவற விடுவது சின்ன விஷயம் இல்லை.

திருப்பம் மாஷ்கே தேற்றத்தில் வந்தது. அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹைன்ரிக் மாஷ்கே நிரூபித்தது இது. ஒரு முடிவுறு குரூப் ஒரு வெக்டர் வெளியின் மேல் செயல்படுகிறது என்று வையுங்கள். அந்த வெளிக்குள் ஒரு உள்வெளி, குரூப் எப்படி அசைத்தாலும் தனக்குள்ளேயே இருக்கிறது. அப்படியானால் அதற்கு ஈடாக, அதேபோல் தனக்குள்ளேயே இருக்கிற இன்னொரு உள்வெளி உண்டு, இரண்டும் சேர்ந்தால் முழு வெளி. இதனால்தான் ஒவ்வொரு ரெப்ரசென்டேஷனையும் இனி உடைக்க முடியாத துண்டுகளாகப் பிரிக்க முடிகிறது. நிரூபணம் அழகானது. அந்த உள்வெளிக்குள் ஏதோ ஒரு புரொஜெக்‌ஷனை எடுத்துக்கொள். அதாவது முழு வெளியையும் அந்த உள்வெளிக்குள் கொண்டுவந்து, உள்ளே இருப்பதை அசைக்காமல் விடும் மாற்றம். அது குரூப்போடு ஒத்துப்போகாது. பரவாயில்லை, குரூப்பின் ஒவ்வொரு உறுப்பாலும் அதை இரண்டு பக்கமும் திருப்பி, எல்லாவற்றையும் கூட்டி, குரூப்பின் அளவால் வகு, அதாவது 1/|G| ஆல் பெருக்கு. சராசரி எடுத்ததும் ஒத்துப்போகிற ஒன்று கிடைத்துவிடுகிறது.

ஆரணியிலிருந்து வரும் ஆய்வு மாணவி அன்று பேசினார், நன்றாகத்தான் தயாரித்திருந்தார். போர்டில் கடைசி வரி எழுதி முடித்தபோது பின் வரிசையில் இருந்து, குடியாத்தத்துப் பையன், முதலாண்டு எம்.எஸ்சி, பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்து உட்கார்ந்தவன், கேட்டான்: "அக்கா, அந்த ஒன்றின் கீழ் ஜி எதுக்கு? வகுக்கலன்னா இன்னா ஆவும்?"

அவர் புத்தகத்தைப் பார்த்தார். புத்தகத்தில் குரூப்பின் அளவு ஃபீல்டில், அதாவது கணக்குப் போடும் எண் அமைப்பில், பூஜ்யமாக இல்லை என்று ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லத் தொடங்கினேன், பக்கத்தில் இருந்த மூத்த பேராசிரியர் என் கையைத் தொட்டு, "இருங்க, அவங்களே பார்க்கட்டும்" என்றார். அந்த அரைமணி நேரம் போல எங்கள் துறையில் அதற்கு முன் ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்த மாணவி போர்டுக்குத் திரும்பினார், ஒவ்வொரு உறுப்பாலும் திருப்பிய மாற்றம் உள்வெளிக்குள் இருக்கும் வெக்டரை அப்படியே விட்டுவிடுகிறது, அத்தனையையும் கூட்டினால் வெக்டர் குரூப்பின் அளவு மடங்கு ஆகிறது, அதைப் பழையபடி ஆக்கத்தான் வகுக்கிறோம் என்று தானே கண்டுபிடித்துச் சொன்னார். "அப்போ அந்த நம்பரே ஜீரோவா இருந்தா?" என்று இன்னொருவர்.

சரி, இருக்கிறதிலேயே சின்னதை எடுத்தார்கள். ஃபீல்டில் பூஜ்யமும் ஒன்றும் மட்டும், ஒன்றும் ஒன்றும் பூஜ்யம். குரூப்பில் இரண்டே உறுப்பு. இரண்டுக்கு இரண்டு அணி, மேல் வரிசையில் 1, 1, கீழ் வரிசையில் 0, 1. அதன் வர்க்கத்தில் மேல் மூலையில் 2 வரும், இங்கே 2 என்றால் பூஜ்யம், ஆக வர்க்கம் அலகு அணி, இரண்டு உறுப்புக் குரூப்புக்குச் சரியான ரெப்ரசென்டேஷன். இந்த வெளியில் பூஜ்யம் அல்லாத வெக்டர்கள் மூன்றுதான்: (1,0), (0,1), (1,1). முதலாவதை அணி அசைக்கவில்லை. மற்ற இரண்டையும் ஒன்றையொன்று இடம் மாற்றுகிறது. அப்படியானால் தனக்குள்ளேயே இருக்கும் கோடு ஒன்றே ஒன்றுதான், அதற்கு ஈடு கிடையாது. தேற்றம் இங்கே செல்லாது. மூன்றே வெக்டர், யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை, எல்லோரும் தங்கள் நோட்டிலேயே சரிபார்த்தார்கள். புத்தகத்தில் அரை வரி நிபந்தனையாக இருந்தது கண்ணெதிரே நின்றது.

அடுத்த வாரம் அதே பையன் தானாக இன்னொன்று கொண்டு வந்தான். மூன்று ஆயத்தொலைவுகளை இடம் மாற்றும் குரூப், உறுப்புகள் ஆறு. (1,1,1) என்ற கோடும், ஆயத்தொலைவுகளின் கூட்டல் பூஜ்யமாகும் தளமும் தனித்தனித் துண்டு. ஆனால் மூன்றைப் பூஜ்யமாக்கும் ஃபீல்டில் அந்தக் கோடு தளத்துக்கு உள்ளேயே போய் விழுந்துவிடுகிறது, ஏனென்றால் 1+1+1 பூஜ்யம். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்கு எந்த மார்க்கும் ஈடாகாது.

அந்த ஒரு கேள்வியை எப்படித் தற்செயலாக விடாமல் வாராவாரம் வரவைப்பது என்று அப்புறம் உட்கார்ந்து யோசித்தோம். மூத்த பேராசிரியர் மாஸ்கோவில் கணிதவியலாளர் கெல்ஃபாண்ட் நடத்திய செமினாரைப் பற்றிச் சொன்னார். 1943இல் தொடங்கியது, பல பத்தாண்டுகள் திங்கள் மாலைகளில் நடந்தது. பேச்சாளரைப் பாதியில் நிறுத்தி, இருப்பதிலேயே எளிய உதாரணத்தைச் சொல் என்பார். கூட்டத்தில் ஒருவரை எழுப்பி, இப்போது சொன்னதை நீ சொல் என்பார். அதன் கடுமையும் பிரசித்தம். அந்தக் கடுமை எங்களுக்கு ஆகவே ஆகாது, எங்கள் பிள்ளைகள் ஒருமுறை அவமானப்பட்டால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். ஆனால் கூட்டத்தில் ஒருவருக்குக் கேட்கும் பொறுப்பைக் கொடுப்பது என்ற எண்ணத்தை எடுத்துக்கொண்டோம்.

வாரம் ஒருவர் பேச, இன்னொருவருக்கு அந்த வாரத்துக் கேள்விப் பொறுப்பு. மாணவர்கள் அதற்கு டவுட் டூட்டி என்று பெயர் வைத்தார்கள். இந்த வாரம் டவுட் டூட்டி யாருக்கு என்றுதான் வாட்ஸ்அப் குழுவில் கேட்பார்கள். டூட்டியில் இருப்பவர் புரியாத இடத்தில் நிறுத்தியே ஆக வேண்டும், கடைசியில் நிரூபணத்தின் கருத்தைப் போர்டைப் பார்க்காமல் தன் வாயால் ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். அவர் ஒரு கேள்வியாவது கேட்கும் வரை ஆசிரியர்கள் வாய் திறக்கக் கூடாது. எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது இந்தக் கடைசி விதிதான், சாக்பீஸைப் பிடுங்க கை பரபரக்கும்.

இது ஏன் வேலை செய்தது என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் சீனியர் அக்கா பேசும்போது, அதுவும் அவருடைய கைடு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, ஜூனியர் நிறுத்திக் கேள்வி கேட்டால் அது அவரை மாட்டிவிடுவது போல. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எல்லோரும் உண்மையாகவே நினைத்திருந்தார்கள். அதே கேள்வி டூட்டி என்று ஆனதும் அதில் இருந்த அவமரியாதை போய்விட்டது. கேட்பவன் தன் வேலையைச் செய்கிறான், பேசுபவருக்கும் அது தெரியும், போனவாரம் அவரும் அதைத்தான் செய்தார். துணிச்சல் வர வேண்டும், தைரியமாகக் கேளுங்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லிப் பார்த்திருக்கிறோம், அது நடக்கவில்லை. ஆளை மாற்ற முயல்வதை விட்டு, இருக்கிற மரியாதைக்குள்ளேயே கேள்விக்கு ஒரு இடம் கொடுத்தது நடந்தது.

மற்ற மாற்றங்கள் சின்னவை. நேரம் காலை பதினொன்றுக்கு மாறியது, பஸ் பிரச்சினை போனது. ஸ்லைடு கிடையாது. பேசுபவர் முதலில் ஒரு சின்ன உதாரணத்தைக் கையால் கணக்கிட்டுக் காட்ட வேண்டும், அப்புறம்தான் தேற்றம். தமிழில் பேசலாம், பாதி தமிழ் பாதி ஆங்கிலமும் சரி. கோடையில் எம்டிடிஎஸ் (MTTS) என்ற கணிதப் பயிற்சி முகாமுக்குப் போய் வந்த ஒரு மாணவி, அங்கே ஆசிரியர்கள் கேள்வியாகக் கேட்டுக் கேட்டே மாணவர் வாயிலிருந்து நிரூபணத்தை வரவைப்பார்கள் என்று சொல்லி, அதே மாதிரி ஒரு வாரம் செய்து காட்டினார். 1993இல் கணிதப் பேராசிரியர் குமரேசன் தொடங்கிய அந்த நான்கு வார முகாம் சின்ன ஊர்க் கல்லூரிகளுக்குச் செய்த நன்மை பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

ஆய்வு செமினாருக்கு இதில் என்ன ஆனது என்றால், நாங்கள் எதுவும் உத்தரவு போடவில்லை. ஒருநாள் டாமினேஷன் பற்றிப் பேசிய ஆய்வாளரிடம் கற்றல் செமினாருக்கு வரும் ஒருவர், "அண்ணா, ஐந்து புள்ளி வட்டத்துல இது எவ்வளவு வரும், போட்டுக் காட்டுங்களேன்" என்று கேட்டார். அவர் போட்டார், அப்புறம் ஆறு புள்ளி, ஏழு புள்ளி என்று கூட்டமே சேர்ந்து கணக்கிட்டது, அவருடைய துணைத் தேற்றத்தில் ஒரு நிபந்தனை தேவையே இல்லை என்று அங்கேயே தெரிந்தது. பேப்பர் இன்னும் பலமானது. இப்போது ஆய்வு செமினாரில் முதல் கால் மணி நேரம் போர்டில் உதாரணம் என்பது வழக்கமாகிவிட்டது.

சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. கணிதவியலாளர் எம்.எஸ். நரசிம்மன் 1932இல் பிறந்தது தண்டரையில், குடும்பம் வட ஆர்க்காட்டு மாவட்டம், கிராமத்துப் படிப்பு. சென்னை லயோலாவில் பாதிரியார் ரசீனிடம் படித்து, 1953இல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார், அதே வருடம் சி.எஸ். சேஷாத்ரியும் போனார். அங்கே கே. சந்திரசேகரன் உலகின் பெரிய கணிதவியலாளர்களை வரவழைத்து நீண்ட தொடர் வகுப்புகள் எடுக்க வைத்தார், அவற்றின் குறிப்புகளை எழுதும் வேலை இளம் ஆய்வாளர்களுக்கு. குறிப்பு எழுத வேண்டும் என்றால் புரிந்தாக வேண்டும், எங்கள் டவுட் டூட்டியும் அதே ஜாதிதான். நரசிம்மனும் சேஷாத்ரியும் 1965இல் வெளியிட்ட தேற்றம், ரீமன் பரப்பின் (கலப்பெண்களால் குறிக்கப்படும் வளைபரப்பு) மேல் உள்ள நிலையான வெக்டர் பண்டில்களையும் (புள்ளிக்கு ஒரு வெக்டர் வெளி ஒட்டிய அமைப்புகள்) அந்தப் பரப்பின் அடிப்படைக் குரூப்பின் யூனிட்டரி ரெப்ரசென்டேஷன்களையும் இணைக்கிறது. நாங்கள் படித்துக்கொண்டிருந்த அதே ரெப்ரசென்டேஷன், குரூப் மட்டும் முடிவிலி. இதைச் சொன்னபோது போளூர்ப் பெண் ஒருவர், "நம்ம பக்கத்து ஆளா சார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இராமானுஜன் படம் எல்லாத் துறைகளிலும் தொங்குகிறது, தொங்கட்டும். நரசிம்மன் 2021 வரை நம்மோடு இருந்தார், இந்த மாவட்டத்துக் கல்லூரிகளில் கணிதம் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் பெயர் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பர்ன்சைடுக்கு நினைத்ததைவிட மிகத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம், அதற்குத் தேவைப்படும் இயற்கணித முழு எண்களுக்கே பல வாரம் போயிற்று. நல்ல இருவர் முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டார்கள், வீட்டு நிலைமைக்கு அது நியாயம்தான். குடியாத்தத்துப் பையன் இப்போது இரண்டாமாண்டு, நெட் தேர்வுக்குத் தயார் செய்கிறான், ஆனாலும் வியாழக்கிழமை செமினாருக்குத் தவறுவதில்லை. அடுத்த செமஸ்டர் ரீமன் பரப்புகள் எடுக்கிறோம், நரசிம்மன் சேஷாத்ரி தேற்றத்தின் கூற்றையாவது அதில் வரும் ஒவ்வொரு சொல்லும் புரிந்து எழுத வேண்டும் என்பது குறிக்கோள்.

தீராத பிரச்சினை பகுதி நேர ஆய்வாளர்கள்தான். பொறியியல் கல்லூரிகளில் வாரத்துக்கு அத்தனை வகுப்பு எடுத்துவிட்டு, நாலு மாதத்துக்கு ஒருமுறை கைடைப் பார்க்க மட்டும் வருகிறார்கள், இந்த செமினார் மிக அதிகமாகத் தேவைப்படுவது அவர்களுக்குத்தான், வார நாளில் அவர்களால் வர முடியாது. சனிக்கிழமை வைத்துப் பார்த்தோம், அவர்கள் கல்லூரிக்கு அன்றும் வேலை நாள். ஆன்லைனில் வைத்தால் போர்டு போய் ஸ்லைடு வந்துவிடுகிறது, டவுட் டூட்டிக்காரர் மைக்கை மியூட்டில் வைத்துவிடுகிறார். திருப்பத்தூரிலோ திருவண்ணாமலையிலோ வேறு எங்கோ இதைச் சமாளித்த துறை இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள், ஜூன் மாதம் தொடங்குவதற்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும்.